அமுச்சியின் கேசட் கதைகளைப் பழைய மின்னூல் வடிவத்துக்கு மாற்ற வழி உண்டா?

#1 வண்ணாமடை வள்ளி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். எண்பதுகளில் அப்பா ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொன்ன கதைகள், கும்மிப் பாட்டு, தாலாட்டு, விடுகதை, ஒப்பாரி என்று கிடைத்த நேரமெல்லாம் பதிவு செய்து வைத்தார். எல்லாம் சி-90 கேசட்டுகள். கோயம்புத்தூரில் ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கி வாங்கிவிட்டேன். கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு, பெரும்பாலும் முக்கால் மணி நேரம் ஓடும்.

அமுச்சியின் மூத்த மகன், அதாவது எங்கள் பெரிய மாமா, கண் நீர் அழுத்த நோயால் பார்வை இழந்துவிட்டார். பார்வையற்றவர்களுக்கென்றே செய்த பழைய சிடி பிளேயர் ஒன்று அவரிடம் இருக்கிறது, பெரிய பெரிய பொத்தான்களோடு. அதன் அட்டைப் பெட்டியில் டெய்சி 2.02 என்று அச்சிட்டிருக்கிறது. எம்பி3 சிடியும் ஓடும். ஆனால் "அம்மா பாடின மாரியாத்தா கும்மியைப் போடு" என்று அவர் கேட்டால், முக்கால் மணி நேரக் கோப்புக்குள் அது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அவராகவே தேடவும் முடியவில்லை.

இன்னொரு பக்கம், பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகன் தன் பழைய கிண்டிலில் போட மோபி வடிவத்தில் கேட்கிறான். எம்பி3யைப் போட்டால் நேராக மோபியாகவோ லிட்டாகவோ எடுத்துத் தருகிற மென்பொருள் ஏதாவது இருக்கிறதா? ஒரு இணையதளம் முடியும் என்கிறது, முன்பணம் கேட்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 செங்கோட்டை ராஜா

வள்ளி அக்கா, பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள். காலிபர் உட்பட எந்த மின்னூல் மென்பொருளும் எழுத்தைத்தான் ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும். ஒலியை உள்ளே கொடுத்தால் எழுத்தாக வெளியே வராது. யாராவது கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளிடம் முதலில் கொடுக்க வேண்டும்.

லிட் பக்கமே போக வேண்டாம். அது மைக்ரோசாஃப்ட் ரீடர் என்ற மென்பொருளின் வடிவம். அந்த ரீடர் 2000இல் வந்தது, 2012 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். காலிபரில் இன்றும் லிட் கோப்பு செய்யலாம், ஆனால் செய்து யாரிடம் கொடுப்பது?

#3 ஏலமலைக்காரன்

குமுளியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் எஸ்டேட் பெரியவர்களின் பேச்சை எழுத்தாக்கும் வேலையில் கொஞ்ச நாளாக இருப்பதால் சொல்கிறேன்.

ஓப்பன்ஏஐ 2022இல் விஸ்பர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. நம் கணினியிலேயே ஓடும், தமிழும் தெரியும். அதில் சிறிதும் பெரிதுமாகப் பல மாதிரிகள் (மாடல்கள்) உண்டு. சிறியவை தமிழுக்கு உதவாது, பெரிய மாதிரியையே எடுங்கள். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் ரொம்ப மெதுவாக ஓடும், இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். செய்தி வாசிப்பது மாதிரியான பேச்சை நன்றாகவே எழுதுகிறது. வட்டாரப் பேச்சு வந்தால் தடுமாறும். மலையாளச் சொல் கலந்து வருகிற இடங்களில் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டு நிரப்பிவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. பாட்டு வருகிற இடத்திலும், நீண்ட அமைதி வருகிற இடத்திலும் யாரும் பேசாத வரியைத் தானே உண்டாக்கித் திரும்பத் திரும்ப எழுதும், அதில் கவனமாக இருங்கள். காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

திருத்திய எழுத்தை வேர்டு கோப்பாக்கி, கதைத் தலைப்புகளுக்குத் தலைப்பு நடையைக் (ஹெடிங் ஸ்டைல்) கொடுத்துக் காலிபரில் போட்டால் மோபி கிடைத்துவிடும். கிண்டில் எந்த மாடல் என்று உங்கள் மருமகனிடம் கேட்டுச் சொல்லுங்கள். அதைப் பொறுத்து இன்னும் ஒரு சங்கதி இருக்கிறது.

#4 வண்ணாமடை வள்ளி

நன்றிங்க இருவருக்கும். அவனிடம் இருப்பது கீழே முழு விசைப்பலகை உள்ள கிண்டில்.

ஆனால் எனக்கு மாமாதான் முதலில். எழுத்தாக்கினால் அவருக்கு என்ன பயன்? அவருக்கு வேண்டியது அமுச்சியின் குரல்.

#5 பொள்ளாச்சி சந்திரா

வள்ளி, உங்கள் மாமாவின் பெட்டியில் போட்டிருக்கிற அந்த டெய்சி 2.02தான் நீங்கள் தேடுகிற பழைய மின்னூல் வடிவம். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல் வாசித்துப் பதிவு செய்யும் குழுவில் நான் இருக்கிறேன், இந்த வடிவத்தில் நிறையவே வேலை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

டெய்சி பிறந்தது ஸ்வீடனில், பேசும் புத்தகங்களுக்கான நூலகத்தில். 1996இல் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து டெய்சி கூட்டமைப்பை அமைத்தன. 2.02 பதிப்பு 2001இல் வந்தது. அதற்குப் பிறகு டெய்சி 3 வந்தது, இபப் 3 என்ற மின்னூல் வடிவம் வந்தது, ஆனாலும் பார்வையற்றோர் கையில் இருக்கும் பழைய பிளேயர்கள் பெரும்பாலும் 2.02ஐ மறுப்பதே இல்லை.

இதில் ஒலி ஒலியாகவே இருக்கும். எம்பி3 கோப்புகளுக்குப் பக்கத்தில் மூன்று வகைச் சிறு கோப்புகள் உட்கார்ந்திருக்கும். என்சிசி என்ற கோப்பு பொருளடக்கம். தலைப்புகள் ஆறு நிலை வரை போகலாம். ஸ்மில் கோப்புகள், எந்தத் தலைப்பு எந்த எம்பி3யின் எத்தனையாவது நொடியில் தொடங்குகிறது என்று சொல்லும். மாஸ்டர் ஸ்மில் இவற்றை வரிசைப்படுத்தும். மாமா பொத்தானை அழுத்தினால் பிளேயர் பொருளடக்கத்தைப் பார்த்து அந்த நொடிக்கே தாவிவிடும். பெரும்பாலான பிளேயர்களில் 4, 6 பொத்தான்கள் முன்னும் பின்னும் நகர்த்தும். 2, 8 பொத்தான்கள் எந்த நிலைத் தலைப்பில் நகர வேண்டும் என்று மாற்றும்.

ஒபி என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். டெய்சி கூட்டமைப்பே இலவசமாகக் கொடுக்கிறது. விண்டோஸில் மட்டும் ஓடும். புதிய திட்டம் தொடங்கி ஒலியை இறக்குமதி செய்தால், பேச்சில் விழுகிற அமைதியை வைத்து அது தானாகவே சொற்றொடர் சொற்றொடராகப் பிரித்துவிடும். அமைதியின் அளவை நீங்கள் மாற்றலாம். கும்மிப் பாட்டில் மூச்சு வாங்கும் இடமெல்லாம் வெட்டிவிடும், அதனால் பாட்டுகளுக்கு நீளமான அமைதியை வையுங்கள். கதைக்குக் குட்டை அமைதி போதும்.

ரொம்ப முக்கியமான ஒன்று. மாமாவின் பிளேயருக்குத் தமிழ் எழுத்தைப் படித்துச் சொல்லத் தெரியாது. நீங்கள் பொருளடக்கத்தில் "மாரியாத்தா கும்மி" என்று அழகாகத் தட்டச்சு செய்திருந்தாலும் அது அவர் காதில் விழாது. தலைப்புக்குத் தாவியவுடன் அந்த இடத்தில் பதிவாகியிருக்கிற ஒலிதான் கேட்கும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் கதைக்கும் முன்னால் தலைப்பை யாராவது சொல்லிப் பதிவு செய்து, அதைத் தலைப்புச் சொற்றொடர் என்று ஒபியில் குறித்துவிடுங்கள். ஒரு நொடி இடைவெளி விட்டு அமுச்சி தொடங்கட்டும். மாமா 6ஐ அழுத்த அழுத்த, "மாரியாத்தா கும்மி", "வள்ளி கும்மி", "நெல்லுக் குத்தும் பாட்டு" என்று தலைப்புகள் மட்டும் வரிசையாக வந்துகொண்டிருக்கும். வேண்டியதில் கையை எடுத்தால் பாட்டு ஓடும்.

முதல் நிலையில் கதை, கும்மி, தாலாட்டு, விடுகதை, ஒப்பாரி என்று வகைகள். இரண்டாம் நிலையில் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு கதையும். ஒரு கதை அரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மட்டும் அதற்குள் மூன்றாம் நிலையைத் தொடுங்கள். விடுகதைகளில் கேள்வியும் விடையும் தனித்தனிச் சொற்றொடராக நிற்கட்டும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமா கேள்வியைப் போட்டுக் காட்டி நிறுத்திவிட்டு, பிறகு விடையைப் போடலாம் இல்லையா?

இனி அளவு. கடையில் வேவ் கோப்புகள், அதாவது சுருக்காத மூல ஒலிக் கோப்புகள், இருக்கிறதா என்று கேளுங்கள். எம்பி3யை மறுபடி எம்பி3யாக்கினால் தரம் இன்னொரு படி இறங்கும். ஒற்றைத் தடமாக, 44.1 கிலோஹெர்ட்ஸில் எடுத்த வேவ் மணிக்குச் சுமார் 318 எம்பி வரும், ஒரு ஹார்டு டிஸ்க்கில் தாராளமாக அடங்கும். ஒபியிலிருந்து எம்பி3யாக வெளியே எடுக்கும்போது 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) கொடுங்கள், மணிக்கு 29 எம்பிக்குள் முடிந்துவிடும். 700 எம்பி சிடி ஒன்றில் 24 மணி நேரம் வரை கொள்ளும். 32 கேபிபிஎஸ் வைத்தால் இன்னும் குறையும், ஆனால் பாட்டுக்கு வேண்டாம். வயதானவர் குரல் ஏற்கெனவே மெலிந்தது, அதை மேலும் நசுக்கக் கூடாது.

சிடியில் எழுதும்போது என்சிசி கோப்பு எந்தக் கோப்புறைக்குள்ளும் இல்லாமல் நேராக சிடியின் முகப்பில் இருக்க வேண்டும். கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், பழைய பிளேயர்கள் தமிழ்ப் பெயரில் முரண்டு பிடிக்கும். சிடி எரிப்பதற்கு (பதிவதற்கு) முன் கணினியில் ஆமிஸ் என்ற இலவச மென்பொருளில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

#6 நகரி பாபு

சந்திராம்மா சொன்னதெல்லாம் சரிதான், ஆனாலும் என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 2001இல் வந்த வடிவத்தில் இவ்வளவு உழைப்பைக் கொட்ட வேண்டுமா? அந்த பிளேயர் நாளைக்குப் பழுதானால் யார் சரிபண்ணுவார்கள்? இபப் 3இல் செய்தால் ஒலியும் எழுத்தும் சேர்ந்தே இருக்கும், போனிலும் ஓடும். குரல் எந்த வரியில் போகிறதோ அந்த வரி பளிச்சென்று தெரியும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஆந்திராவின் நகரியில் எங்கள் வீட்டில் எல்லாரும் தமிழ்தான் பேசுகிறோம். என் பிள்ளைகள் படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம், இங்கிலீஷ் மீடியம். தாத்தா சொல்கிற கதையைக் கண் கொட்டாமல் கேட்பார்கள், அதையே அச்சில் கொடுத்தால் ஒரு எழுத்துகூடத் தெரியாது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதை. கேட்கவும் செய்து வரியையும் பார்த்தால் எழுத்து மெல்லப் பழகும் என்பது என் எண்ணம்.

#7 வண்ணாமடை வள்ளி

பாபு அண்ணா, இங்கேயும் அப்படித்தான். என் மகள் மலையாள மீடியம். வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுவாள், பஸ் போர்டு மலையாளத்தில் இருந்தால்தான் படிப்பாள். தமிழ் மீடியம் பள்ளி பக்கத்திலேயே இருந்தும் சேர்க்காமல் விட்டோம், மேல்படிப்புக்குக் கஷ்டம் என்று பயம்.

அப்படிப் பார்த்தால் இந்தக் கேசட்டுகள் மாமாவுக்கு மட்டும் வேண்டியவை இல்லை.

#8 பொள்ளாச்சி சந்திரா

இல்லைதான். அதனால்தான் நான் ஒலியை முதலில் வைக்கிறேன். எல்லை ஊர்களில் பல வீடுகளில் தமிழ் இன்று காதில்தான் இருக்கிறது. கண்ணுக்கு வராத மொழியை எழுத்தாக மட்டும் சேமித்து வைத்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்காது, வெளியூரில் இருக்கிற யாரோ ஆய்வாளருக்குத்தான் கிடைக்கும். அமுச்சி எந்த இடத்தில் குரலை இறக்கினார், எந்த இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார் என்பதெல்லாம் தட்டச்சில் எங்கே வரும்? எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது குரலுக்குத் துணையாக வரட்டும்.

பாபு, உங்கள் கவலைக்கும் வழி இருக்கிறது. ஒபி திட்டம் ஒன்றைச் செய்து வைத்துவிட்டால் அதிலிருந்தே டெய்சி 2.02 எடுக்கலாம், டெய்சி 3 எடுக்கலாம், இபப் 3 எடுக்கலாம். பிரித்துத் தலைப்பிடுகிற வேலை ஒரே தடவைதான். மாமாவுக்கு 2.02 சிடி, பிள்ளைகளின் போனுக்கு இபப். ஒபி தருகிற இபப்பில் தலைப்புகள் மட்டும்தான் எழுத்தாக இருக்கும், முழு வரியும் ஒளிர வேண்டுமானால் டோபி என்ற இன்னொரு மென்பொருள் இருக்கிறது. அதற்கு ஏலமலைக்காரன் சொன்ன மாதிரி திருத்திய முழு எழுத்து தேவைப்படும். தாலாட்டு இரண்டை மட்டும் முதலில் அப்படிச் செய்து பாருங்கள், சின்னது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

பிளேயர் பழுதானாலும் 2.02 வீணாகாது. ஈஸிரீடர் செயலி போனில் அதை அப்படியே ஓட்டும்.

#9 ஏலமலைக்காரன்

கிண்டில் சங்கதிக்கு வருகிறேன். விசைப்பலகை உள்ள கிண்டில் என்றால் அதில் ஸ்பீக்கரும் இயர்போன் துளையும் இருக்கும். கேபிள் மாட்டினால் மியூசிக் என்றொரு கோப்புறை தெரியும், எம்பி3யை அங்கே போட்டால் பாடும். ஆனால் தலைப்பு, அத்தியாயம் எதுவும் கிடையாது, பின்னணியில் வரிசையாக ஓடும், அவ்வளவே. அதே கருவியில் மோபிக்குள்ளே ஒலியை வைத்துக் கேட்க வழியில்லை. 2012இல் வந்த பேப்பர்ஒயிட்டில் ஒலிக்கே இடமில்லாமல் போய்விட்டது.

மோபியின் கதையும் கொஞ்சம். மோபிபாக்கெட் பிரான்ஸ் கம்பெனி. 2005இல் அமேசான் வாங்கியது, 2007இல் முதல் கிண்டில் வந்தபோது உள்ளே இருந்தது அதே குடும்பத்து வடிவம்தான். கிண்டிலில் தமிழ்ப் புத்தகம் வெளியிட அமேசான் கதவு திறந்ததோ 2016 கடைசியில். அதற்கு முன் வந்த கருவிகளைத் தமிழை மனதில் வைத்துச் செய்யவில்லை. பழைய மோபியில் எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப முடியாது. கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், "கொழிஞ்சாம்பாறை" என்ற ஊர்ப் பெயரே அடையாளம் தெரியாமல் போய்விடும்.

அதனால் உங்கள் மருமகனுக்கு மோபி வேண்டாம். எழுத்தை 6 அங்குலத் திரைக்கு ஏற்ற பிடிஎஃப் ஆக்குங்கள். பக்க அளவு 9க்கு 12 செ.மீ., ஓரம் மிகக் குறைவு, எழுத்து 14 புள்ளி. பிடிஎஃப்பில் எழுத்துகள் வைத்த இடத்தில் அப்படியே நிற்கும், கருவி குழப்ப முடியாது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் புத்தகங்களை இபப், மோபியோடு 6 அங்குல பிடிஎஃப்பாகவும் கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

#10 செங்கோட்டை ராஜா

கேசட் இரைச்சலைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இரைச்சல் நீக்கம் போட்டு, நடுவில் வருகிற கோழிச் சத்தம், குழந்தை அழுகை, எதிரில் உட்கார்ந்திருப்பவர் போடுகிற "ம்... ம்..." எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் கேட்கச் சுத்தமாக இருக்கும். பாடப் புத்தகம் மாதிரி பளிச்சென்று வரும்.

#11 பொள்ளாச்சி சந்திரா

ராஜா தம்பி, பாடப் புத்தகத்துக்கு நீங்கள் சொல்வதை நானும் செய்கிறேன். இதற்குச் செய்யக் கூடாது.

அந்த "ம்" போடுகிறவர் யார் என்று யோசியுங்கள். நம் ஊர்களில் ம் கொட்ட ஆள் இல்லாமல் கதை நகராது. கேட்பவர் நிறுத்தினால் சொல்பவரும் நிறுத்திவிடுவார், "தூங்கிட்டியா?" என்று கேட்பார். அமுச்சி அந்த "ம்"மின் வேகத்தைப் பார்த்துத்தான் கதையின் வேகத்தை வைத்திருப்பார். அதை வெட்டினால் நடுவில் அர்த்தமில்லாத ஓட்டைகள்தான் மிஞ்சும். ஒபியும் அந்த ஓட்டைகளை அமைதி என்று நினைத்துக் கண்ட இடத்தில் பிரித்துவிடும்.

டேப்பின் "ஸ்ஸ்" இரைச்சலைக் குறைக்கலாம். கேசட் தொடக்கத்தில் யாரும் பேசாமல் டேப் மட்டும் ஓடுகிற இரண்டு மூன்று நொடியை ஆடாசிட்டியில் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று காட்டிக் கொடுத்துவிட்டு முழுக் கோப்பிலும் நீக்குங்கள். 6 டெசிபெல் குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி குளுகுளுவென்று ஆகிவிடும், "ச", "ஸ" ஒலிகள் தேய்ந்துவிடும். ஒன்றைச் சுத்தம் செய்து முடித்ததும் பழையதோடு மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். மூல வேவ் கோப்பில் எந்தக் காரணத்துக்காகவும் கை வைக்காதீர்கள்.

#12 வண்ணாமடை வள்ளி

அக்கா, ம் கொட்டுவது பல கேசட்டுகளில் பெரிய மாமாவேதான்.

ஒரு சந்தேகம். அப்பா கேசட் அட்டையில் எந்தத் தேதி, எந்த வீட்டுத் திண்ணை, என்ன விசேஷம் என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். வகைவாரியாகப் பிரித்தால் அந்த வரிசை கலைந்துவிடுமே?

#13 ஏலமலைக்காரன்

கலைக்கவே கலைக்காதீர்கள். ஒரே ராத்திரியில் தாலாட்டுக்கு அடுத்து ஒப்பாரி வந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். வரிசை போனால் அந்தக் காரணமும் போய்விடும். நான் கேசட் வரிசைக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

#14 பொள்ளாச்சி சந்திரா

இரண்டும் செய்யலாம். முழு வேவ் கோப்புகளைக் கேசட் வரிசையில் வைத்து, அட்டையை போட்டோ எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். அது குடும்பத்தின் மூலப் பதிவு. மாமாவின் சிடி வகை வரிசையில் இருக்கட்டும், அவர் தேடுவது அப்படித்தான். ஒவ்வொரு தலைப்பையும் சொல்லும்போதே கேசட் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இரண்டுக்கும் தொடர்பு விட்டுப் போகாது. ஒபியில் புத்தக விவரம் கேட்கும் இடத்தில் சொன்னவர் பெயர், பதிவு செய்தவர் பெயர், ஊர், மொழி எல்லாவற்றையும் நிரப்புங்கள். சோம்பல்பட்டு விடுகிற இடம் அது, பின்னால் ரொம்ப உதவும்.

#15 தேவிகுளம் வக்கீல்

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நாட்டுப்புறப் பாட்டுக்குத் தனி ஆசிரியர் இல்லை, ஆனால் பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு, இந்தியச் சட்டப்படி 50 ஆண்டு. அமுச்சியின் பிள்ளைகள் எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொதுவில் ஏற்றுங்கள். வீட்டுக்குள் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. கேசட்டில் நடுநடுவே ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டு பதிவாகியிருந்தால் பொதுப் பதிப்பில் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மாமாவுக்கு அச்சுப் புத்தகங்களைப் பேசும் புத்தகமாகத் தருவதற்குப் பயப்பட வேண்டாம். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்காக அணுகத்தக்க வடிவில் நகலெடுக்க இடம் கொடுக்கிறது, லாப நோக்கம் இருக்கக் கூடாது. 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அவரை உறுப்பினராக்குங்கள். டெய்சி வடிவப் புத்தகங்கள் அங்கே கிடைக்கும்.

#16 வண்ணாமடை வள்ளி

எல்லாருக்கும் நல்ல செய்தி. கடையில் வேவ் கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தார்கள், வாங்கிவிட்டேன். ஒபியில் கும்மியும் விடுகதையும் முடித்து முதல் சிடி எரித்தாயிற்று. தலைப்புகளை என் மகள் சொன்னாள். எழுத்தைப் பார்த்துப் படிக்க வராததால் நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கேட்டுத் திருப்பிச் சொன்னாள். "மாரியாத்தா கும்மி, மூணாவது கேசட்டு" என்று அவள் குரலில் வருகிறது, அடுத்து அமுச்சி.

மாமா பொத்தான்களை ஒரே சாயங்காலத்தில் பிடித்துக்கொண்டார். 4, 6 அவருக்குப் பழகிவிட்டது. 2, 8 பக்கம் இன்னும் போகவில்லை. பேத்தி குரல் கேட்டதும் "இவ எப்போ எங்கம்மாகூடப் பாடினா?" என்று கேட்டார். விடுகதையில் கேள்வி வந்ததும் நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுப் பையன்களை விடை கேட்டுப் பாடாய்ப் படுத்துகிறார்.

ஒரு பிரச்சினை. வள்ளி கும்மியில் கடைசி அடி இல்லை என்கிறார் மாமா. "முருகன் கிழவன் வேசம் கலைச்ச பின்னாடி இன்னொரு சுத்து உண்டு, அம்மா விட்டிருக்க மாட்டா" என்று ஒரே பிடியாக நிற்கிறார். வேவ் கோப்பிலும் அங்கேயே நின்றுவிடுகிறது. கேசட்டை எடுத்துப் பார்த்தேன், பக்கம் முடிய இன்னும் டேப் மீதி இருக்கிறது.

#17 பொள்ளாச்சி சந்திரா

மாமா சொல்வது சரியாகத்தான் இருக்கும். கடைகளில் நீண்ட அமைதி வந்தால் பதிவைத் தானாக நிறுத்தும்படி வைத்திருப்பார்கள். அமுச்சி நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருந்தால் அதோடு முடிந்தது என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கும். மற்ற கோப்புகளின் நீளத்தையும் பாருங்கள். சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம் டேப் இருக்கும். பதிவு முன்னாலேயே முடிந்திருக்கவும் கூடும், ஆனால் அதைவிடக் குறைவாக இருக்கிற ஒவ்வொன்றையும் கேசட்டோடு ஒப்பிட்டுத்தான் உறுதி செய்ய முடியும்.

வீட்டில் இருக்கிற பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம். பட்டை இறுகிப்போன இயந்திரம் டேப்பை இழுத்துச் சுருட்டிவிடும். கேசட்டை நேராக நிற்க வைத்து, ஸ்பீக்கர், டிவி பக்கம் இல்லாமல் வைத்திருங்கள். என்னிடம் வேலை செய்கிற கேசட் டெக் இருக்கிறது, டேப்பைத் தொடுகிற தலைப்பகுதியை ஆல்கஹாலில் துடைத்துத்தான் ஒவ்வொன்றையும் ஓட்டுவேன். கூரியரில் அனுப்பாதீர்கள், கையோடு எடுத்து வாருங்கள். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி பஸ் இருக்கிறதே.

#18 வண்ணாமடை வள்ளி

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்க்கா. குறைந்த நீளம் உள்ள கேசட்டுகளையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். மாமாவும் கூட வருவேன் என்கிறார், கடைசி அடி வந்துவிட்டதா என்று அவரே கேட்டுச் சொல்வாராம்.